ஹார்ன் இல்லாத வண்டிக்கு எஃப்.சி. கிடையாது

ஜூன் 14, சனி

மகன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய சின்ன ஊர். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதை அவர் குப்பைத்தொட்டி வெளியே வருவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் எழுந்தேன், காபி குடித்தேன், ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்த்தேன். சாயங்காலமும் அதே புல்.

என் மனைவி செண்பகவல்லிக்கு இந்தக் கவலை இல்லை. வந்த அன்றே மருமகள் பொற்கொடியிடமிருந்து அடுப்பைக் கைப்பற்றிவிட்டாள். பொற்கொடி ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். மகன் குற்றாலிங்கம் ஒரு கார் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு மானேஜர். எட்டு மணிக்கு இஸ்திரிச் சட்டையில் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் வருவான். கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர் ஒட்டிய அவனுடைய சாம்பல் நிறக் காரின் பின்கதவில் ஒரு நசுங்கல் இருக்கிறது. கடையில் தள்ளுவண்டியை விட்டு இடித்தது நான்தான். இடத்தைப் பார்த்து நிறுத்தத் தெரியாதவன் அவன்.

இன்று தன் பழைய கேமராவை என் கையில் கொடுத்தான். பக்கத்தில் உட்வர்ட் என்று ஒரு பெரிய சாலை. கோடை முழுக்க அங்கே பழைய கார்களை ஓட்டிக்கொண்டு திரிவார்களாம், ஜனங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்களாம்.

"சாயங்காலமாப் போங்கப்பா. பகல்ல வெயிலு, ஒண்ணும் இருக்காது" என்றான்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஆயுசெல்லாம் ஓட்டை லாரிகளைப் பார்த்தாயிற்று. ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு ஓட்டைக் கார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

போனேன். மானம் போய்த் திரும்பினேன்.

சாலையோரம் ஒரு இரும்புச் சாமான் கடை. அதன் முன்னால் உள்ள பெரிய காலியிடத்தில் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் பானெட் திறந்து கிடக்கிறது. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் கிழவர்கள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஊரில் ரோட்டோரம் பானெட் திறந்து கிடந்தால் வண்டி படுத்துவிட்டது, மெக்கானிக்கைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது என்று அர்த்தம். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போவான். அதுதான் மரியாதை. இத்தனை வண்டி ஒரே இடத்தில் படுத்துக் கிடப்பதைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. முதல் வண்டியிடம் போய், கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். நாற்காலியிலிருந்து ஒரு கிழவர் அலறினார்.

ஒரு வண்டியும் படுக்கவில்லையாம். எல்லாம் காட்சிக்காம். வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது இவர்கள் வழக்கமாம். பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம், பிரமாதம் என்று சொல்லலாம், தொடக் கூடாது.

அலறியவர் பெயர் ரான். வண்டி ஐம்பத்தேழாம் வருஷத்துச் சிவப்பு செவர்லே, பின்பக்கம் இரண்டு இறக்கை. நான் யார் என்று சொன்னதும் கோபம் இறங்கிவிட்டது. நெல்லையப்பன் என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை, 'நெல்லி' ஆகிவிட்டேன். அது அவர்கள் ஊரில் பெண் பிள்ளை பெயராம்.

ஹார்னை அழுத்தச் சொன்னேன். பல வருஷமாக அடிக்கவில்லையாம். அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஹார்ன் இல்லாத வண்டிக்கு எஃப்.சி. கிடையாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

செண்பகவல்லி விஷயத்தைக் கேட்டுவிட்டு, காய் நறுக்குவதை நிறுத்திவைத்துச் சிரித்தாள். வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

தினமும் சாயங்காலம் போகிறேன். வேறு போக்கிடம் இல்லை என்பதால் போகிறேன், ஆசை ஒன்றும் கிடையாது. ரான் எனக்கென்று ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறார்.

இந்தக் கூத்தை எப்படி எழுதுவது? பளபளவென்று துடைத்த காரில் ஏறி, சாலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகிறார்கள். அங்கே திரும்புகிறார்கள். இங்கே வருகிறார்கள். யாருக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை. பெட்ரோல் மட்டும் தீர்ந்து போகிறது. மழை மேகம் தெரிந்தால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போல வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் மூடி வைக்கிறார்கள். கூரை இல்லாத வண்டியை வாங்கிவிட்டு மழைக்குப் பயப்படுகிறவர்களை என்ன செய்வது.

இன்று ஒரு பேரிடி. இந்த மாநிலத்தில் சொந்தக் கார்களுக்கு எஃப்.சி. பார்க்கிற வழக்கமே கிடையாதாம். வண்டி ஓடத் தகுதியானதுதானா என்று ஒரு மனிதன் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்க மாட்டானாம். "பிறகு யார் பாஸ் போடுவது?" என்று கேட்டேன். யாரும் போட வேண்டியதில்லை என்றார் ரான். எனக்குத் தலை சுற்றிவிட்டது.

என் சர்வீஸ் பெருமையைக் கொஞ்சம் எடுத்துவிட்டேன். லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போடும்போது கால் ஊன்றினான் என்று பெற்ற பிள்ளையையே இரண்டு தடவை ஃபெயில் போட்டவன் நான். மூன்றாம் தடவைதான் பாஸ். ஆபீசே வாய் பிளந்தது. ரானும் வாய் பிளந்தார், ஆனால் வேறு மாதிரி. "அவன் உங்களோடு பேசுகிறானா?" என்று கேட்டார். இவர்களுக்கு நேர்மை என்றால் என்னவென்று தெரியாது.

ஜூலை 4, வெள்ளி

இவர்கள் சுதந்திர தினம். லிங்கத்துக்கு லீவு. போன தடவை நாங்கள் வந்தபோது லீவு நாளிலும் அவன் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும், சோற்றுக் கையோடு எழுந்து போவான். இன்று ஒரு தடவைகூட அடிக்கவில்லை. கேட்டேன். கம்பெனியில் இப்போது அவ்வளவு கெடுபிடி கிடையாதாம். நல்ல கம்பெனி.

மத்தியான டப்பாவையும் இப்போதெல்லாம் துடைத்துவைத்தாற்போல் கொண்டுவருகிறான். முன்பு பாதி திரும்பி வரும். செண்பகவல்லியின் சமையல் தேறியிருக்கிறது என்றேன். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

ஜூலை 9, புதன்

வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல் பகலிலேயே கிளம்பினேன். செருப்பை மாட்டும்போதே செண்பகவல்லிக்கு எங்கே, எதற்கு, வெயில் என்று ஆயிரம் கேள்வி. வாசலைத் தாண்டும்போது உள்ளே போனில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்று கேட்டதற்குத் தங்கச்சி என்றாள். தங்கச்சி கோவில்பட்டியில் இருக்கிறாள். அங்கே அப்போது நடுச்சாமம்.

ரான் இருந்தார். ஒரு நீலக் கார் வந்து நின்றதைப் படம் எடுத்தேன். அதற்குப் பின்னால், கடையின் பக்கவாட்டில் மரநிழலில், ஒரு சாம்பல் நிறக் கார். கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர். பின்கதவில் ஒரு நசுங்கல். உள்ளே ஆள் இல்லை, அல்லது இருந்தவர் குனிந்திருந்தார்.

முருக பக்தர்கள் எங்கும் இருக்கிறார்கள். நசுங்காத கார் உலகத்தில் ஏது.

ஜூலை 10, வியாழன்

சாம்பல் நிறக் கார் இந்த ஊரில் தெருவுக்குப் பத்து நிற்கிறது. இன்று நடந்து போய்ப் பார்த்தேன்.

ஜூலை 17, வியாழன்

பகலில் போவது பழகிவிட்டது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது, படத்துக்கு நல்லது.

ரான் இன்று ஒரே பேச்சு. வண்டியின் பின்விளக்கு எரியாமல் கிடந்ததாம், ஒரு இந்தியப் பையன் வந்து நொடியில் சரிசெய்து கொடுத்தானாம். மே மாதத்திலிருந்து தினமும் பகலில் அந்த மரநிழலில்தான் காரை நிறுத்தி, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். தங்கமான பையனாம். மின்சார வேலையில் கை அப்படி ஓடுகிறதாம். பெயர் லிங்க்.

"உங்கள் ஊர்க்காரனா, தெரியுமா?" என்று கேட்டார்.

எங்களில் அப்படி ஒரு பெயரே கிடையாது என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

மழை. கார்கள் எல்லாம் போர்வைக்குள் இருக்கும். கேமராவை டி.வி.யில் மாட்டி நான் எடுத்த படங்களைப் போட்டுக் காட்டினேன். பொற்கொடி பாதியிலேயே துணி மடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். லிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செண்பகவல்லி மட்டும் கடைசி வரை பார்த்தாள்.

"கார் போட்டோன்னு சொல்லுதிய. காரு ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு நிக்கி. இரும்புக் கடையும் மரமுந்தான் நடுவுல இருக்கு" என்றாள்.

கலைக்கண் வேண்டும் என்றேன். நாளை முதல் கேமராவை நேராகப் பிடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரான் நான் கேட்காமலேயே சொன்னார். அந்தப் பையனுக்கு வேலை போய்விட்டதாம். மே மாதமே கம்பெனியில் ஒரு கூட்டத்தையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்களாம், அவர்கள் விமானம் ஏறும் வரைக்கும் ஆபீஸ் போவது போல நடிக்கிறானாம். தினமும் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிறான் பாவம் என்றார்.

அப்படியா என்றேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைக்கு வேலை இல்லாததுகூடத் தெரியாத அந்தப் பெற்றோர் எவ்வளவு மடையர்களாக இருப்பார்கள் என்றும் சொன்னேன். குறிப்பாக அந்த அப்பா.

இரவு மோர் மட்டும் போதும் என்றேன். வயிறு சரியில்லை.

ஆகஸ்ட் 16, சனி

இன்றுதான் வருஷத்துப் பெரிய நாள். ஊரே சாலையில். கார்கள் ஒன்றை ஒன்று முட்டாத குறையாக நகர்கின்றன. இந்த நெரிசலைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் விமானத்தில் வந்தேனா, திருநெல்வேலி ஜங்ஷனிலேயே நின்றிருக்கலாமே.

லிங்கம் சனிக்கிழமையும் ஆபீஸ் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பிவிட்டான். பிறகு நான். செண்பகவல்லி பெரிய டப்பா நிறையப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். எனக்கு ஒருவனுக்கு எதற்கு இவ்வளவு என்றேன்.

"அங்கன பசிச்ச ஆளு யாராச்சும் இருப்பாக. குடுங்க" என்றாள்.

ரான் வண்டியின் பின்விளக்கு மறுபடியும் அணைந்துவிட்டது. நான் பானெட்டுக்குப் பின்னால் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ரான் மரநிழலைப் பார்த்து "லிங்க்" என்று குரல் கொடுத்தார். கார்க் கதவு திறந்து மூடும் சத்தம். காலடிச் சத்தம் பக்கத்தில் வந்தது. நிமிர்ந்தேன்.

ரான் அறிமுகம் செய்துவைத்தார். இவர் நெல்லி, போட்டோ எடுக்கிறவர், உலகத்தில் ஒரு வண்டியையும் பாஸ் போடாதவர். இவன் லிங்க், என் வண்டிக்கு டாக்டர்.

வந்து நின்றது லிங்கம். கையிலிருந்த ஸ்குரூடிரைவர் கீழே விழுந்தது. அந்த இடத்தில் என்ன செய்திருக்கலாம் என்று இப்போது படுக்கையில் பல யோசனை வருகிறது. அப்போது வந்தது ஒன்றுதான். கையை நீட்டி, சந்தித்ததில் மகிழ்ச்சி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவனும் கையைக் கொடுத்து மகிழ்ச்சி என்றான். பெற்ற பிள்ளையோடு கை குலுக்கியது இதுதான் முதல் தடவை. அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

ரானுக்கு வாயை மூடி வைக்கத் தெரியாது. அவருடைய மருமகள் முறைக்காரி ஒருத்தி பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒர்க்ஷாப் நடத்துகிறாளாம், வயரிங் வேலைக்கு ஆள் வேண்டுமாம், இவனைப் பார்த்த உடனே வா என்றுவிட்டாளாம். பையனுக்கும் கொள்ளை ஆசையாம். ஆனால் மானேஜராக இருந்தவன் கிரீஸ் சட்டையில் நிற்பதை அப்பா தாங்க மாட்டார் என்று இழுத்தடிக்கிறானாம். திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துவிடுவார்களாம்.

"அந்த அப்பா ஒரு மாதிரியான ஆள், நெல்லி. அவரும் ஏதோ அரசாங்க அதிகாரியாம். சொந்தப் பிள்ளையைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லையாம்" என்று சொல்லிவிட்டு, ரான் அந்த அப்பாவுக்கு ஒரு பெயரும் வைத்தார். ஆங்கிலத்தில் அது சின்னச் சொல்தான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். உங்களுக்கும் அவர் வயதுதான் இருக்கும். நீங்களே சொல்லுங்கள், இவன் உங்கள் பிள்ளையாக இருந்தால் வெட்கப்படுவீர்களா என்று கேட்டார்.

லிங்கம் ஸ்குரூடிரைவரைத் தேடுகிற சாக்கில் குனிந்தே இருந்தான். நான் தமிழில் கேட்டேன்.

"ஏல, உங்க அம்மைக்குத் தெரியுமா?"

"மொத வாரமே தெரியும்ப்பா. நீங்க பகல்ல கெளம்பினா போன் பண்ணிச் சொல்லிருவா."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாதுன்னு வச்சிருக்கியளோ."

அவன் மெல்ல நிமிர்ந்தான். "உங்களுக்குந்தான் தெரியும்லாப்பா. கேமராவ எம்பக்கமே திருப்பிக்கிட்டு நின்னிய. சீட்டுக்கு அடியில குனிஞ்சி குனிஞ்சி என் இடுப்பே போச்சு."

என்ன சொல்கிறார் என்று ரான் கேட்டார். வெயிலைப் பற்றி என்றான் லிங்கம்.

"அந்த வேல உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குப்பா." யோசிக்காமல் சொன்னான். அவன் ஒரு பதிலை இவ்வளவு வேகமாக என்னிடம் சொல்லி நான் கேட்டதில்லை.

"அப்ப போயிச் சேருல. ஊர்ல எவனாச்சும் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

ரான் பொறுமை இழந்துவிட்டார். லிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தான். அந்த அப்பா அப்படி ஒன்றும் மோசமானவராக இருக்க மாட்டார் என்று இவர் நினைக்கிறாராம்.

ரான் என் தோளில் கை வைத்தார். "உங்களுக்கு அந்த ஆளைத் தெரியாது, நெல்லி" என்றார்.

மூன்று பேரும் புளியோதரை சாப்பிட்டோம். லிங்கம் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இளைத்துவிட்டான். சட்டைக் காலர் அவனுக்குப் பெரிதாகக் கிடக்கிறது. இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் அதை இன்றுதான் பார்க்கிறேன். கார்களில் உள்ள கீறலையெல்லாம் கண்ணாடி போடாமலேயே பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. புகை அதிகம் என்று ரானிடம் சொன்னேன். புகையும் அதிகம்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வீட்டில் யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. செண்பகவல்லி சொதி வைத்திருந்தாள். இங்கே தேங்காய்ப் பால் டப்பாவில்தான் கிடைக்கிறது, விசேஷம் இல்லாமல் திறக்க மாட்டாள். பொற்கொடி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள், மாமா உங்களுக்கு இன்னும் கொஞ்சம் என்று எனக்கும் ஊற்றினாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

லிங்கம் நகக்கண்ணில் கறுப்போடு வருகிறான். இஸ்திரிப் பெட்டி மூலையில் கிடக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு எந்தச் சோப்புக்குப் போகும் என்று மாமியாரும் மருமகளும் ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். டப்பா மறுபடியும் பாதி திரும்பி வருகிறது. ஒர்க்ஷாப்பில் எல்லோரும் சேர்ந்து ஏதோ பன் வாங்கித் தின்கிறார்களாம்.

ஆகஸ்ட் 30, சனி

நாளை விமானம். விடைபெறப் போனேன். சிவப்பு செவர்லேயின் முன்கதவு திறந்திருந்தது. உள்ளே ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்து லிங்கம் மல்லாந்து கிடந்தான். கால் இரண்டும் வெளியே. நான் வந்ததற்கு ஒரு காலை மட்டும் ஆட்டினான். ரானைப் பொறுத்தவரை நாங்கள் இன்னமும் ஒரே நாட்டுக்காரர்கள், அவ்வளவுதான். எப்படிச் சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சொன்னால் அந்தச் சின்னச் சொல்லுக்காக ரான் கிடந்து மருகுவார்.

ரான் என்னை உட்காரவைத்துக்கொண்டு, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டார். இந்த ஊரில் உங்களுக்கு ஒரு மகன் இருப்பதாகச் சொன்னீர்கள். கோடை முழுக்க ஒரு நாள்கூட அவன் உங்களோடு இங்கே வந்து உட்காரவில்லையே, என்ன பிள்ளை அவன் என்றார். இந்த லிங்க்கைப் பாருங்கள் என்று வேறு சொன்னார்.

அவனுக்கு வேலை அதிகம், பெரிய பொறுப்பு என்றேன்.

வண்டிக்குள் கிடந்த கால்கள் குலுங்கின. சிரிப்பை அடக்குகிறான் பயல்.

அடுத்த நொடி ஹார்ன் அடித்தது. கணீரென்று, நிற்காமல். வரிசையில் இருந்த கிழவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ரான் எழுந்து நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர். பிறகு என்னைப் பார்த்து, இப்போதாவது பாஸா என்று கேட்டார்.

நான் கேமராவை நேராகப் பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களையும் ஒரு படம் எடுத்தேன். பாஸ் என்றேன். உள்ளே கிடந்தவனுக்குக் கேட்கும்படி தமிழிலும் சொன்னேன்.

"ஏல, நல்லாச் செஞ்சிருக்க."

கால்கள் அசையாமல் அப்படியே இருந்தன.

என்ன சொன்னீர்கள் என்று ரான் கேட்டார்.

வெயிலைப் பற்றி என்றேன்.